அரசாங்கத்தின் கை படாத காசு

அரசாங்கத்தின் கை படாத காசு ஒன்று வந்திருக்கிறதாம். போன மாதம் ஒரு பிறந்தநாள் சாப்பாட்டில் உறவுக்காரர் ஒருவர் கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினார். அதை ஒருவரும் அச்சடிப்பதில்லை, கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறக்கிறது, வங்கி வேண்டாம், கையெழுத்து வேண்டாம், எந்த மந்திரி நினைத்தாலும் தடுக்க ஏலாது என்றார். நான் வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் என்பதால் மேசையில் இருந்த எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்படி ஒரு காசு உண்மையிலேயே இருக்கமுடியுமா என்று கேட்டார்கள். நான் பாயாசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

பதில் இல்லாமல் அல்ல. அந்த மாதிரிக் காசில் நாங்கள் சில வருஷம் சோறு தின்றிருக்கிறோம். அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், பிளாஸ்டிக் வாளியும் தும்புத்தடியும் விற்கிற ஒரு கடையும், ஒரு ரெலிபோனும் போதுமாயிருந்தன.

போர்க்காலம். அப்பா காலமான பிறகு அம்மாவும் தம்பியும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தோம். முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறை. எனக்கு வங்கியில் வேலை கிடைத்த பிறகு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒரு அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்தோம். அண்ணன் அப்போது சுவிஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அகதி வழக்கு முடியாததால் அவனுக்கு அங்கே வங்கிக் கணக்கு இல்லை. இங்கே எங்களுக்குக் கணக்கு இருந்தாலும், வெளிநாட்டுக் காசு வந்தால் யார் அனுப்பினது, ஏன் அனுப்பினது என்று கேள்வி வரும். அந்தக் கேள்விகளைக் கேட்கிற மேசையிலேயே நான் வேலை செய்தேன். ஆகவே எங்கள் வீட்டுக் காசு உண்டியலில் வந்தது.

உண்டியல் என்றால் இவ்வளவுதான். அண்ணன் அங்கே ஒருவரிடம் பிராங்கைக் கொடுப்பான். அவர் வெள்ளவத்தை வாளிக்கடைக்காரருக்கு ரெலிபோன் எடுப்பார். கடைக்காரர் எங்களுக்கு ரூபாயாகத் தருவார். காசு இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகராது. ரசீது கிடையாது, பெயர் கிடையாது, அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். எங்கள் வங்கியில் ஒரு ட்ராஃப்ட் மாற மூன்று கிழமை செல்லும். அதற்குள் மூன்று முத்திரை, இரண்டு அதிகாரிகள், ஒரு ‘மேலதிக விளக்கம் தேவை’ கடிதம். வாளிக்கடையில் மூன்று நிமிஷம். காலையில் கழுத்துப்பட்டி கட்டிய மனிசரோடு நின்று அந்நியச் செலாவணிச் சட்டம் பேசிவிட்டுப் பின்னேரம் வாளிக்கடைக்குள் நுழைவேன். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளுக்குள் ஒரு திமிரும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கொழும்பில் எங்களைச் சேர்ந்த எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தார்கள், இந்தக் காசைத் தவிர.

யாருக்குக் காசு கொடுப்பது என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். எங்கள் கையிலிருக்கிற ஒரு நோட்டை, பத்தோ இருபதோ, எடுத்து அதில் அச்சடித்திருக்கிற இலக்கத்தை அண்ணனுக்கு ரெலிபோனில் சொல்லவேண்டும். அவன் அந்த இலக்கத்தை அங்கே கொடுப்பான். அது இங்கே கடைக்காரரின் காதுக்கு வந்துசேரும். நாங்கள் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசுக் கட்டைத் தருவார், நோட்டை வைத்துக்கொள்வார். ஒரு இலக்கத்தில் உலகத்தில் ஒரு நோட்டுத்தான் இருக்கும், அதனால் ஏமாற்ற முடியாது. அந்த இலக்கத்தை அச்சடித்துக் கொடுப்பது அரசாங்கம்தானே என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வங்கியில் இருந்துகொண்டு யோசிக்காதது என் தலைவிதி.

ஒருதரம் வந்தது பெரிய தொகை. தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரரிடம் பாதிக்காசு கட்டியிருந்தோம். அம்மாவின் தாலிக்கொடியும் என்னுடைய சங்கிலியும் அதிலே போய்விட்டன. மீதிப் பாதியை அண்ணன் பல பேரிடம் கடன் மாறி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் ரெலிபோனுக்கு அவன் எடுத்தபோது, இருபது ரூபா நோட்டு ஒன்றின் இலக்கத்தைத் தம்பிதான் வாசித்துச் சொன்னான். இரண்டு தரம் சொன்னான், பிறகு அண்ணன் திருப்பிச் சொன்னதைச் சரிபார்த்தான். தம்பிக்கு அப்போது இருபது வயது. தமிழ்ப் பொடியன்களைப் பிடிக்கிற சுற்றிவளைப்புக்குப் பயந்து அவனைத் தேவையில்லாமல் நாங்கள் வெளியில் விடுவதில்லை, வாளிக்கடைக்கும் நான் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. இந்தச் சங்கதியில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் வீட்டில் சொல்வதுதான்.

நான் சொன்னது என்னவென்றால், நோட்டுத் தொலைந்தால் காசும் தொலைந்தது. அம்மாவைப் பயமுறுத்தத்தான் அப்படிச் சொன்னேன். அம்மாவுக்கு மரக்கறி வண்டிச் சத்தம் கேட்டால் கைக்கு அகப்பட்ட நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்குகிற பழக்கம். ஆனால் பொய்யென்று தெரிந்துகொண்டு சொல்லவில்லை. எனக்கும் அந்த நாளில் அவ்வளவுதான் தெரியும். அம்மாவின் கையில் அகப்படாமல் இருக்கட்டும் என்று நோட்டை என் ஹான்ட்பேக்கில் சிப் வைத்த சின்னப் பைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். வீட்டிலே நான்தான் கவனமானவள், வங்கிக்காரி.

செவ்வாய்க்கிழமை காலை தம்பி கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டியிருந்தது. கொழும்பில் தங்கிய தமிழர் எல்லாரும் பொலிஸில் பதியவேண்டிய காலம், அவனுடைய பதிவு பழைய லொட்ஜ் விலாசத்திலேயே இருந்தது. வெள்ளவத்தையில் பதிவதற்கு அந்தப் பழைய பதிவுத் துண்டைக் காட்டவேண்டும், அது லொட்ஜ் மனேஜரிடம் இருந்தது. இரண்டுபேரும் ஒன்றாகக் காலி வீதி பஸ் தரிப்புக்கு வந்தோம். அவன் பஸ்ஸுக்குக் காசு கேட்டான். போவதற்குச் சில்லறை கொடுத்தேன். வருவதற்குக் கொடுக்கப் பார்த்தால் பேர்ஸில் நூறு ரூபா நோட்டு ஒன்றுதான் கிடந்தது, அது கிழமை முடியும்வரைக்கும் வேண்டும். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. கொண்டக்டர் கத்துகிறான். என் கை தானாகவே சிப்பைத் திறந்து உள்ளே கிடந்ததை எடுத்து அவன் கையில் வைத்தது. நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னலால் பார்க்கும்போது அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை.

பின்னேரம் வேலை முடிந்து நேரே வாளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் காசு வந்துவிட்டது என்று கண்ணாலேயே சொன்னார். ஹான்ட்பேக்கைத் திறந்தேன். சிப்புக்குள் ஒன்றுமில்லை. அங்கே நின்ற மாதிரியே காலையில் நடந்தது முழுவதும் ஞாபகம் வந்தது. தம்பியிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஓடும்போதே எனக்குத் தெரியும், அது இந்நேரம் ஏதாவதொரு கொண்டக்டரின் பைக்குள் போயிருக்கும் என்று. அந்தப் பதினைந்து நிமிஷமும் நான் நோட்டைத்தான் நினைத்தேன். தம்பியை நினைக்கவில்லை. இதை எழுதும்போது கூட என்னை நானே அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

வீட்டில் அம்மா ஜன்னலடியில் நின்றாள். தம்பி வரவில்லை.

விளக்கு வைத்த பிறகு வீட்டுக்காரருக்கு ஒரு ரெலிபோன் வந்தது. கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் அவனைப் பிடித்துவிட்டார்கள், பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறான். சொன்னவர் பெயர் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தால் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கியிருப்பார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் விடிய அம்மாவும் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் வயதானவர், கெட்ட மனிதரில்லை. இருப்பது வெள்ளவத்தை என்கிறான், துண்டில் கொட்டாஞ்சேனை என்று கிடக்கிறது, கேட்டதுக்குப் பொய் சொல்லியும் இருக்கிறான் என்றார். என்ன பொய் என்று கேட்டேன். அது விசாரிக்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்றார். தடுப்புக் கட்டளையில் கையெழுத்து விழுந்தால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்கு முதல் ஒரு சட்டத்தரணியைக் கூட்டிவந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். அம்மா அவருடைய கையைப் பிடித்தாள். அவர் கையை இழுக்காமல், "நங்கி, மட மொகுத் கரன்ன பே," என்று என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். தன்னால் ஒன்றும் செய்ய ஏலாதாம். அந்தக் கிழமை நான் சந்தித்த எல்லாரும் ஏதோவொரு மொழியில் அதையேதான் சொன்னார்கள்.

அந்த நாளில் இப்படியான வழக்குகளை எடுக்கிற சட்டத்தரணிகள் சிலர்தான் இருந்தார்கள். நாங்கள் பிடித்தவர் காசை முதலே கேட்டார். நியாயம்தான், பிள்ளையை எடுத்த கையோடு காணாமல் போன தாய் தகப்பனை அவர் நிறையப் பார்த்திருப்பார். அடுத்த நாள் காலை காசோடு வந்தால் உடனே புறப்படுகிறேன் என்றார். வங்கிக்குப் போனேன். ஊழியர் கடனுக்கு ஒரு படிவம் தந்தார்கள், அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனையோடு அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பக்கத்துக் கவுண்டரில் வேலை செய்த சிங்களப் பெண் என்னவென்று கேட்காமலே தன் லாச்சிக்குள் இருந்த கைப்பையைத் திறந்து அதில் இருந்த காசெல்லாவற்றையும் என் மடியில் வைத்தாள். அதோடு சேர்த்தும் கால்வாசி வரவில்லை.

ஏஜென்சிக்குப் போகவேண்டிய காசு, இப்போது தம்பியை எடுக்கப் போகவேண்டிய காசு, எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் கிடந்தது. வாளிகளுக்குப் பின்னால், ஒரு மரப்பெட்டிக்குள். எனக்கு அதைத் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும், அது எங்கள் காசு என்பதும் இரண்டுபேருக்கும் தெரியும். புதன் மத்தியானம் அவர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். நோட்டு இல்லை, தம்பி உள்ளே இருக்கிறான், இரண்டு வருஷமாக என்னை அறிவீர்கள், தாருங்கள் என்றேன். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து என்னை இருக்கச் சொன்னார்.

நோட்டை அவர் தனக்காக வாங்குவதில்லையாம். அதை மேலே ஒருவரிடம் கொடுத்தால்தான் அவருடைய கணக்கு நேராகும். ஒருமுறை இப்படி முகத்தைப் பார்த்துக் கொடுத்து, பிறகு வேறொரு ஆள் உண்மையான நோட்டோடு வந்துவிட, அவர் தன் மனிசியின் நகையை விற்றுக் கட்டினாராம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கள் வங்கியில் கூட கையெழுத்துப் பிழைத்தால் ஆளைப் பார்த்து விசாரித்துக் கொடுப்போம், நீங்கள் வங்கியை விட மோசம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பிள்ளை, உங்கட வங்கி பிழை விட்டா அதுக்குப் பின்னால அரசாங்கம் நிக்கும். கோடு கச்சேரி இருக்கு, சட்டம் இருக்கு. எனக்குப் பின்னால ஆரும் இல்லை. இந்த நோட்டு மட்டும்தான் நிக்குது," என்றார்.

பிறகுதான் சொன்னார், அண்ணனைப் பிடித்து வேறு நோட்டின் இலக்கத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள், பழையதை வெட்டிவிட்டுப் புதியதற்குக் காசு தரலாம் என்று. மாற்றலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முதல்நாள் பின்னேரம் நான் ஓடாமல் ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் முதல்நாளே சொல்லியிருப்பார்.

பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைக்குப் போய் சுவிஸுக்கு ரெலிபோன் எடுத்தேன். அண்ணனோடு அறையில் இருந்த பொடியன் எடுத்தான். அண்ணன் வேறு ஒரு ஊரில் கல்யாண விருந்து வேலைக்குப் போய்விட்டான், அந்த இடத்து நம்பர் தெரியாது, இரவு வருவான். திரும்பத் திரும்ப எடுத்தேன். லைன் சிலவேளை கிடைக்கும், சிலவேளை கிடைக்காது. கடைக்காரப் பெண் நிமிஷத்துக்கு நிமிஷம் கட்டணத்தைத் துண்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். அந்த லைனும் அரசாங்கத்தினுடையது. அதை அங்கே இருந்து யோசித்தேன், ஏனென்றால் வேறு செய்ய ஒன்றுமில்லை. லைன் அவர்களுடையது, நோட்டு அவர்களுடையது, நோட்டைக் கொண்டுபோகிற வீதி அவர்களுடையது, வீதியில் நடக்கிற பிள்ளையும் அவர்கள் தந்த ஒரு துண்டோடுதான் நடக்கவேண்டும். எங்களிடம் சுதந்திரமாக இருந்தது அந்த மரப்பெட்டிக்குள் கிடந்தது ஒன்றுதான். அதை என்னால் தொட முடியவில்லை.

அண்ணன் இரவு ரெலிபோனில் கிடைத்தான். விஷயத்தைச் சொன்னதும் அழத் தொடங்கினான், அவனை ஏசி அழுகையை நிறுத்தித்தான் புதிய இலக்கத்தைச் சொல்லவேண்டியிருந்தது. அடுத்தநாள் அவன் அங்கே போய் மாற்ற, அங்கிருந்து இங்கே சொல்ல, வியாழன் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. வாளிக்கடைக்காரர் எனக்காகக் கடைவாசலில் காத்துக்கொண்டு நின்றார். நோட்டைப் பார்த்தார், காசை எண்ணித் தந்தார். ஒரு சதம் குறையவில்லை. அந்தமுறை தன் கூலியையும் எடுக்கவில்லை. அந்தக் காசைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் குறைசொல்லமாட்டேன், அது சொன்ன சொல் தவறவில்லை.

சட்டத்தரணி காசை வாங்கிய கையோடு எங்களோடு வந்தார். தம்பியைக் காலை பத்து மணிக்கே வேறு மூன்று பேரோடு ட்ரக்கில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த வயதான பொலிஸ்காரர் மேசையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்விட்டார்.

தம்பி இரண்டு வருஷத்துக்கு மேல் தடுப்பில் இருந்தான். அவன்மேல் ஒரு குற்றமும் பதியவில்லை. ஒருநாள் காலை ஒரு துண்டைக் கொடுத்துப் போகச் சொன்னார்கள். இப்போது அவனும் அண்ணன் இருக்கிற ஊரில்தான் இருக்கிறான், கல்யாணம் கட்டவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை. அந்த நாட்களைப் பற்றிக் கதைத்தால் எழும்பிப் போய்விடுவான். அவன் எப்படிப் பிடிபட்டான் என்பதை அவன் வாயால் நான் கேட்டது ஒரே ஒரு தரம்.

பிடித்து மூன்று மாதத்தின் பின் முதல்முறை பார்க்க விட்டார்கள். தெற்கே, பஸ்ஸில் அரைநாள் பயணம். கம்பி வலைக்கு இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் அவன், நடுவில் ஒரு காவல்காரன். மெலிந்துபோயிருந்தான், தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மா வலைக்குள்ளால் விரலை விட்டு அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் என்னைப் பார்த்து, அண்ணன் அனுப்பின காசு கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்டான். கிடைத்தது என்றேன்.

"நோட்டு என்னட்டையெல்லோ இருந்தது," என்றான்.

நான் விளங்காமல் அவனைப் பார்த்தேன். அவன் காவல்காரனுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான். கொட்டாஞ்சேனையில் துண்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் நோட்டை வெளியில் எடுத்துப் பார்த்தானாம். ஞாயிற்றுக்கிழமை தானே வாசித்த இலக்கம். வேறு சதம் கையில் இல்லை. அதைக் கொண்டக்டரிடம் கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று நடக்கத் தொடங்கினான். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை, கோட்டை, காலிமுகம். வியர்வையில் சட்டை தோய்ந்து தனியாக நடந்துவந்த தமிழ்ப் பொடியனைக் கொள்ளுப்பிட்டியில் மறித்தார்கள். வெள்ளவத்தைக்கு ஏன் நடந்து போகிறாய் என்று கேட்டார்கள்.

"பஸ்ஸுக்குக் காசில்லை எண்டு சொல்லிப்போட்டன் அக்கா. பிறகு சட்டைப் பையைச் சோதிச்சாங்கள்."

நோட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இருபது ரூபா வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காசில்லை என்று ஏன் சொன்னாய் என்று அன்று இரவு முழுக்கக் கேட்டார்களாம். உண்மையைச் சொன்னால் வாளிக்கடைக்காரரையும் எங்களையும் பிடிப்பார்கள் என்று அவன் வாய் திறக்கவில்லை. பிறகு, நோட்டு இல்லாமல் எப்படிக் காசை எடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டான். வேறு நோட்டின் நம்பரைக் கொடுத்து மாற்றினோம் என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன பிறகுதான் அது விளங்கியது.

அவன் அம்மாவின் விரலை விட்டுவிட்டான்.

"மாத்தலாம் எண்டு எனக்குத் தெரியாது," என்றான்.

நேரம் முடிந்துவிட்டது என்று காவல்காரன் சொன்னான். தம்பி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.